சாவியைத் திருப்பும்போது அளந்தாயா?

“விடும்மா, பழைய வண்டின்னா அப்படித்தான்.” அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ள மறுக்கும். வண்டிக்கு முப்பது வயதைத் தாண்டிவிட்டது. கார்பரேட்டர் வண்டி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் செட், பக்கத்தில் தீப்பொறிக்கு ஒரு காயில், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்தால் எந்த வயர் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போகலாம். அப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் எடுக்கிறது, மறுநாள் எடுக்க மறுக்கிறது என்றால் அதற்கு ஒரு இடமும் ஒரு காரணமும் இருந்தே ஆக வேண்டும். வயதானால் செம்பில் களிம்பு ஏறும், கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறும், ஸ்பிரிங் தளரும். இவை எல்லாம் காரணங்கள், கையால் தொட்டுக் காட்டக்கூடியவை. ‘வயசாச்சு’ என்று மட்டும் சொன்னால் எதைக் கழற்றுவது?

எங்கள் வண்டியின் வியாதி இதுதான். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரே திருப்பில் எடுத்துவிடும். கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் சுற்றாது. மறுபடி திருப்பினால் மறுபடி ஒரு ‘டக்’. சில நாள் ஐந்தாவது ஆறாவது முறையில் சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், சில நாள் அதுவும் இல்லை. ஆனால் இரண்டு பேர் தள்ளி இரண்டாவது கியரில் விட்டால் உடனே கிளம்பிவிடும். அதனால் அப்பா இறக்கம் பார்த்து நிறுத்தப் பழகிவிட்டார். எங்கே போனாலும் வாசலையோ நிழலையோ பார்க்க மாட்டார். அவர் கண் முதலில் சரிவைத்தான் தேடும். இப்படி இரண்டு வருஷம். ஓட்டத் தெரிந்த ஒருவர் தன் வண்டியை நம்ப முடியாமல் தரையின் சாய்வை நம்பிக்கொண்டு வாழ்வது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அந்த இரண்டு வருஷத்தில் புது பேட்டரி போட்டாயிற்று. சாவி ஸ்விட்ச் மாற்றியாயிற்று. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் புதிதாகப் போட்டு மாட்டியாயிற்று. மோட்டாரைக் கழற்றி மாட்டிய பிறகு ஒரு வாரம் வண்டி அருமையாக இருந்தது. எட்டாம் நாள் மறுபடி அதே ‘டக்’. அந்த ஒரு வாரம்தான் எல்லோரையும் ஏமாற்றியது என்று பிறகு புரிந்தது.

அந்த ஒற்றைச் சத்தம்

ஸ்டார்ட் ஆகாத வண்டியின் முன்னால் நிற்கும்போது நான் இப்போது முதலில் செய்வது காது கொடுத்துக் கேட்பதுதான். ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி பக்கமே போக வேண்டாம். தீப்பொறியோ பெட்ரோலோ வரவில்லை. சோம்பலாகச் சுற்றினால் கரண்ட் போதவில்லை. ‘டட்டட்டட்’ என்று தையல் மிஷின் போல அடித்துக்கொண்டால் பெரும்பாலும் பேட்டரி காலி: சோலனாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) உள்ளே இழுக்கிறது, மோட்டார் கரண்டை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் சரிகிறது, சோலனாய்டு விட்டுவிடுகிறது, உடனே வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. சத்தமே இல்லையென்றால் சாவி ஸ்விட்ச்சிலிருந்து சோலனாய்டுக்கு வரும் மெல்லிய வயரில் தேட வேண்டும். ஐரோப்பிய வழக்கப்படி எண் போட்ட வண்டிகளில் அந்த முனையில் 50 என்று பொறித்திருக்கும். பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த கேபிளின் முனை 30.

ஒற்றை ‘டக்’ இவற்றுக்கு நடுவில் வருகிறது. சோலனாய்டுக்குச் சாவியின் கட்டளை வந்து சேர்ந்துவிட்டது, அது தன் வேலையைச் செய்யவும் முயன்றது. ஆனால் மோட்டாரைச் சுற்றும் அளவுக்குக் கரண்ட் போகவில்லை. இந்த இடத்தில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புவது நல்லது. செலவே இல்லாத சோதனை. வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரி வலுவிழந்திருக்கலாம், அல்லது மோட்டார் இறுகிப்போய்க் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கலாம். வெளிச்சம் பெரிதாக மங்காமல் நின்றால், பேட்டரியில் பலம் இருந்தும் அது மோட்டாரைச் சென்றடையவில்லை. வழியில் எங்கோ அடைப்பு. எங்கள் வண்டியில் வெளிச்சம் லேசாக அசைந்தது, மங்கவில்லை. நான் இதைக் கவனித்தேன், ஆனால் அதன் அர்த்தத்தை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘பேட்டரி நன்றாக இருக்கிறது’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்லாம் சரியாகவே காட்டியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று வண்டி சரியாக மக்கர் செய்யும் நிலையில் இருந்தது: இன்ஜின் சூடு, சாவிக்கு ஒரு ‘டக்’. பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட். நிறைந்த லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் காட்ட வேண்டியது அதுதான், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று கணக்கு. செல்ஃப் மோட்டாரின் தடித்த முனையில் வைத்தேன், 12.6. அப்புறம் மீட்டரைத் தடை அளக்கும் ஓமுக்குத் திருப்பி எர்த் பட்டையை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழியை, பார்த்தேன். பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியில் போய் முறுக்கியிருக்கும். அங்கிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு பின்னல் செம்புப் பட்டை போகும். இன்ஜின் ரப்பர் மவுன்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் அதற்கும் பாடிக்கும் இடையே உள்ள மின் பாலம். மீட்டர் 0.3 என்றது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலும் 0.3 தான். ஆக, பட்டையில் தடையே இல்லை என்று எழுதி வைத்தேன். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சரியான எண்கள். வண்டி மட்டும் எடுக்கவில்லை.

அப்பாவின் நண்பர் ஒருவர், வாழ்நாள் முழுக்க வண்டிகளுக்கு வயரிங் செய்தவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். போனில் என் எண்களை வரிசையாகப் படித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“ஏம்மா, இதெல்லாம் சாவியைத் திருப்பும்போது அளந்தியா, சும்மா நிக்கும்போது அளந்தியா?”

“சும்மா நிக்கும்போதுதான் மாமா.”

“சும்மா நிக்கிற வயர் எல்லாமே நல்ல வயர்தாம்மா. வேலை வாங்கிட்டு அளந்து பாரு.”

போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்த நோட்டுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்த எண்கள் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கரண்ட் ஓடாத நேரத்தில் எடுத்தது. ஓமின் விதியைப் பள்ளியில் எல்லோரும் படிக்கிறோம்: வோல்டேஜ் இழப்பு என்பது கரண்டையும் தடையையும் பெருக்கி வருவது. கரண்ட் பூஜ்ஜியம் என்றால் தடை எவ்வளவு இருந்தாலும் இழப்பு பூஜ்ஜியம். நூறு இழைகளில் தொண்ணூற்றொன்பது அறுந்த கேபிளின் மறுமுனையிலும் மீட்டர் 12.6 என்றே காட்டும். டிஜிட்டல் மல்டிமீட்டர் வோல்டேஜ் அளக்கும்போது எடுத்துக்கொள்ளும் கரண்ட் அவ்வளவு அற்பம். அதன் உட்தடை பொதுவாக 10 மெகாஓம். ஒற்றை இழை அதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் செல்ஃப் மோட்டார் கேட்பதோ நூறு, நூற்றைம்பது ஆம்பியர், சூட்டிலோ குளிரிலோ அதற்கும் மேல். 150 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த 0.02 ஓமை என் மீட்டரால் பார்க்கவே முடியாது, அதன் சொந்த வயர்களின் தடையே அதைவிடப் பல மடங்கு. நான் ஓம் அளந்து ‘தடையே இல்லை’ என்று எழுதிய வரிக்கு அர்த்தமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

7.9

மறுநாள் வண்டியை ஓட்டிச் சூடாக்கி நிறுத்தினேன். காயிலின் பாசிட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தேன், தப்பித் தவறி இன்ஜின் பிடித்துவிடக் கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே, என் கையும் மீட்டர் வயரும் ஃபேன் பக்கம் போகாதபடி. தம்பி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப, நான் வெளியே எண்ணைப் படிக்க.

முதலில் பேட்டரி முனைகளில். “திருப்புடா” என்றேன். ‘டக்’. 12.6 இலிருந்து 12.0 க்கு இறங்கி அங்கேயே நின்றது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது வழக்கமான கணக்கு. இது அதற்கு வெகு மேலே நிற்கிறது. நல்ல பேட்டரி, ஆனால் அதனிடம் யாரும் முழுதாகக் கேட்கவே இல்லை. முந்தைய நாள் ஹெட்லைட் சொன்னதும் இதையேதான். அடுத்து பாசிட்டிவ் பக்கம்: மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் தூணில், இன்னொரு முனை மோட்டாரின் தடித்த முனையில். இப்படி வைத்தால் மீட்டர் காட்டுவது அந்தப் பாதையில் தொலைந்துபோகும் வோல்டேஜை மட்டும். 0.2. குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் முழுவதற்கும் அரை வோல்ட் வரை விடலாம். கடைசியாக எர்த் பக்கம்: ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் தூணில், இன்னொன்று இன்ஜினின் வெற்று உலோகத்தில். இரண்டும் எர்த். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றுமே இருக்கக் கூடாது, 0.2 க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். தம்பி திருப்பினான்.

7.9 வோல்ட்.

எண்ணை நம்பாமல் முனையை இன்னொரு இடத்தில் அழுத்திப் பிடித்து மறுபடி திருப்பச் சொன்னேன். அதே 7.9. பேட்டரி கொடுத்த 12 இல் ஏறத்தாழ எட்டு வோல்ட் எர்த் பாதையிலேயே காலியாகிக்கொண்டிருந்தது. மோட்டாருக்கு மிஞ்சியது நாலு. இரண்டு வருஷமாக நாங்கள் கழற்றி மாற்றிய எந்தப் பொருளுக்கும் இந்தக் கணக்கில் பங்கே இல்லை. முனையைப் பாடியின் பக்கம் நகர்த்தினேன்: பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவே 0.1. பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மீதி எல்லாம். அந்தப் பின்னல் பட்டைதான். குனிந்து அதன் கியர்பாக்ஸ் முனையில் விரல் வைத்தேன், சுட்டது. அத்தனை வோல்ட்டும் அத்தனை ஆம்பியரும் ஒரே இடத்தில் சந்தித்தால் சூடாகத்தானே போகும். கழற்றிப் பார்த்தபோது பட்டையின் வெளி இழைகள் செம்பு நிறமாகத்தான் இருந்தன. ஆனால் அதன் முனையை அழுத்திப் பிடித்திருந்த உலோகக் கண்ணியின் உள்ளே பச்சைக் களிம்பும் கருகிய பொடியும். இன்ஜின் சூடாகி, குலுங்கி, அந்தப் பிடி இன்னும் தளரும்போது வண்டி மக்கர் செய்திருக்கிறது. குளிர்ந்த காலையில் ஏதோ சமாளித்திருக்கிறது. மோட்டாரைக் கழற்றி மாட்டியபோது பட்டையும் அசைந்து புதிதாக ஒரு தொடுகை கிடைத்து, அதனால்தான் அந்த ஒரு வாரம்.

இந்தச் செல்ஃப் மோட்டாரின் வரலாற்றில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கின் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 ஆம் ஆண்டு காடிலாக் வண்டிகளில் வந்தது. இன்ஜினைச் சுற்ற மிகப் பெரிய மோட்டார் தேவை, அது காருக்குள் அடங்காது என்பதே அதுவரை தடையாக இருந்தது. நாள் முழுக்க ஓட வேண்டிய மோட்டாருக்குத்தான் அந்தப் பருமன் வேண்டும். சில நொடிகள் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைத்தால் போதும் என்றால் சிறிய மோட்டாரே தாங்கும் என்று அவர் கண்டார். இன்றும் செல்ஃப் மோட்டார் அந்த ஒப்பந்தத்தின்படிதான் இயங்குகிறது. சில நொடி வேலை, பிரமாண்டமான கரண்ட். அதனால்தான் விடாமல் சாவியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பது அதைக் கொல்லும், அதனால்தான் வழியில் உள்ள ஒரு சின்னக் களிம்பும் அதற்குப் பெரிய சுவர்.

மெல்லிய வயர்களிலும் இதே கதை

இதன் பிறகு மாமா எனக்கு ஒரு டெஸ்ட் லாம்ப் கொடுத்தார். பழைய இண்டிகேட்டர் பல்பு, இரண்டு வயர், ஒரு முனையில் கிளிப், இன்னொன்றில் ஊசி. மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று அன்றைக்கு முன்பு கேட்டிருப்பேன். இந்த பல்பு எரிய இரண்டு ஆம்பியருக்குப் பக்கமாகக் கரண்ட் வேண்டும். அதாவது அளக்கும்போதே அது வயரிடம் வேலை வாங்குகிறது. காயிலுக்குப் போகும் வயரில் மீட்டர் 12 காட்டி, பல்பு மங்கலாக எரிந்தால், பிழை அந்த வயரின் பாதையில் இருக்கிறது: ஃபியூஸ் பிடியின் தளர்ந்த நாக்கு, சாவி ஸ்விட்ச்சின் தேய்ந்த தொடுகை, வெயிலில் காய்ந்து உள்ளே அறுந்த இழை. கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளின் சென்சார் வயர்களில் இந்த பல்பைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது, அவை அந்தக் கரண்டைத் தாங்காது. பழைய வண்டிக்கு இது அருமையான துணை.

பழைய இக்னிஷனில் இன்னொரு அடையாளமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்கும்வரை இன்ஜின் பிடிக்கும், விட்ட நொடியில் அணைந்துவிடும். பாலாஸ்ட் ரெசிஸ்டர், அதாவது காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை, வைத்த வண்டிகளில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் காயிலுக்கு நேரடியாகக் கரண்ட் போகும், சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகத்தான். அந்த ரெசிஸ்டரோ அதற்குப் போகும் வயரோ அறுந்திருந்தால் சரியாக இப்படித்தான் நடக்கும். பாயின்ட்டைத் தேய்த்து, கன்டென்சரை மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, எல்லாம் முடித்த பிறகும் அது அணைந்துகொண்டே இருக்கும். சாவியை விடும் அந்த ஒரு நொடியில் என்ன மாறுகிறது என்று கேட்டால் போதும், வேறு எதையும் கழற்ற வேண்டியதில்லை.

பார்ட் மாற்றிப் பார்ப்பதை நான் முழுதாகக் குறை சொல்லவில்லை. ஃபியூஸ், ரிலே மாதிரியானவற்றை நொடியில் மாற்றிப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் ஒரு பொருளைக் கழற்றும்போதே பழுதான இணைப்பும் அசைந்து தற்காலிகமாகச் சரியாகிவிடுகிறது. பிறகு புதுப் பொருள்தான் சரி செய்தது என்று நாம் நம்பிவிடுகிறோம். எங்கள் செல்ஃப் மோட்டார் கதை அதுதான். அதனால் இப்போது கோளாறு இருக்கும்போதே, எதையும் தொடாமல், எண்ணை எடுத்துவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். வண்டி மக்கர் செய்யும் அந்த எரிச்சலான ஐந்து நிமிடம்தான் உண்மையைப் பார்க்கக் கிடைக்கும் ஐந்து நிமிடம். அப்போது டெர்மினலைத் தட்டி, கேபிளை ஆட்டி எடுக்க வைத்துவிட்டால் தடயம் போய்விடுகிறது.

புதுப் பட்டை மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். தொடும் இடங்களில் பெயின்டையும் துருவையும் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். பட்டையை முறுக்கி, மேலே ஈரம் புகாமல் வாசலின் பூசினேன். மறுபடி அளந்தபோது செல்ஃப் சுற்றும் வேகத்தில் மீட்டரைப் பார்க்கவே மறந்துவிட்டேன். இரண்டாவது முறைதான் பார்த்தேன்: எர்த் பக்கம் 0.1, பேட்டரி 10.6. பேட்டரி வோல்டேஜ் முன்பைவிட இறங்கியிருந்தது, ஏனென்றால் இப்போதுதான் மோட்டார் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். ஊரில் இல்லாததால் அவர் எதையும் பார்க்கவில்லை. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை, அதுதான் காரணம் என்றேன். செல்ஃப் மோட்டாருக்குப் போகிற கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் தவித்திருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“அப்போ அந்தக் கரண்ட் வேற எது வழியாவது திரும்பி வந்திருக்கும்ல?” என்று மெதுவாகக் கேட்டார். “இன்ஜினையும் பாடியையும் தொடுற மாதிரி வேற என்ன இருக்கு?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: “ஆக்ஸிலரேட்டர் கேபிள். ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவ இறுகிப் போச்சு. கழட்டுனப்போ உள்ளே பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்துச்சு. பழைய வண்டி, அப்படித்தான்னு நெனச்சு மாத்திட்டேன். பழசு ரெண்டும் ஷெட்டு அலமாரியிலதான் கெடக்கு. எடுத்துப் பாரும்மா.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டும் அங்கேயே இருந்தன, சுருட்டி நூலால் கட்டி. உறையின் முனையைக் கத்தியால் கீறிப் பிரித்தேன். உள்ளே கம்பி சூட்டில் நீலம் பாய்ந்து போயிருந்தது.